பெரண்டைப் பாட்டின் கடைசி வரி

என் அம்மாவின் வாய்க்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டே பயப்படும். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் அவள் மெஸ் வைத்திருந்தாள். சில பெஞ்சுகள், ஒரு தோசைக்கல், பின்னால் நாங்கள் இருவரும் படுக்க ஓர் அறை. அப்பா லாரியோடு போவார், லாரியோடு வருவார். அப்படிப் போனவர் ஒரு முறை வரவில்லை. செத்தாரா, வேறு வீடு பார்த்துக்கொண்டாரா என்று அம்மா விசாரிக்கக்கூட இல்லை. "தொலஞ்சான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு மாவு கரைக்கப் போனாள்.

சாப்பிட வருகிறவர்களை எல்லாம் திட்டுவாள். இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டால் திட்டு, இலையில் சோற்றை மிச்சம் வைத்தால் அதைவிடப் பெரிய திட்டு. டிரைவர்களும் கண்டக்டர்களும் அதைக் கேட்கவே வந்தார்கள். வேண்டுமென்றே வம்புக்கு இழுத்து, வாங்கிக் கட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே கை கழுவப் போவார்கள். அவர்களுக்கு அது தமாஷ். எனக்குத் தமாஷாக இருந்ததில்லை, ஏனென்றால் அவர்களுக்குக் கிடைத்தது துண்டுதுண்டாக. எனக்கு முழுக் கச்சேரி.

அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. "இன்னாடி மொறைக்கிற" என்று கீழே தொடங்கும். என் மூஞ்சியைத் தொடும், அப்பன் வம்சத்துக்கு ஏறும், நாளைக்கு எனக்கு வாய்க்கப்போகும் மாமியாரிடம் போய் நின்று அவளுக்காகப் பரிதாபப்படும். உச்சத்தில், "உன்னப் பெத்த வயித்துல பெரண்டைய வெச்சுக் கட்டிக்கணும்!" வேலியில் படரும் பிரண்டையைத் தொட்டால் கை அரிக்கும். அதை எடுத்துப் பெற்ற வயிற்றில் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது, பிள்ளை பெற்ற குற்றத்துக்குத் தாய் தனக்கே கொடுத்துக்கொள்ளும் தண்டனை. அந்த வரியைச் சொல்லும்போது அவள் தன் வயிற்றில் தானே ஓர் அறை விடுவாள். அதோடு உச்சம் முடிந்து, குரல் சட்டென்று இறங்கி, "வந்து கொட்டிக்க" என்பாள். தோசைக்கல்லில் திருப்பியால் தட்டுவாள். டண், டண், டட்டண். இலை போட்டாயிற்று என்று டிரைவர்களுக்குச் சொல்லும் தட்டு அது. எனக்கும் அதேதான். திட்டு எங்கே தொடங்கினாலும், எவ்வளவு தூரம் போனாலும், அங்கே வந்துதான் முடியும்.

பள்ளியில் நான் நன்றாகப் பாடுவேன். மெஸ்ஸில் சாப்பிட வரும் மெல்லிசைக் குழுக்காரர் ஒருவர், தான் புதிதாக வாங்கியதும் தன் பழைய கீபோர்டை எனக்குக் கொடுத்தார். சில கட்டைகள் வேலை செய்யாது. வேலை செய்த கட்டைகளை வைத்து நானே ஒரு மெட்டுப் போட்டேன். நாள் முழுக்க அதையே வாசித்தேன். அம்மா வெளியே போயிருந்தவள் திரும்பி வந்து பார்த்தாள். "எவன்டி குடுத்தான்? சும்மா எவன் குடுப்பான்?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அடுப்படியில் அப்போதுதான் சோறு வடித்திருந்த சுடுகஞ்சியை அப்படியே தூக்கிக் கீபோர்டின் மேல் ஊற்றினாள். என் கை அதன் மேல் இருந்தது. இடது மணிக்கட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, கிதார் வாசிக்கும்போது முன்வரிசைக்காரர்களுக்குத் தெரியும். அதன் பிறகு மூஞ்சி, அப்பன், மாமியார், பெரண்டை எல்லாம் வந்தன. "வந்து கொட்டிக்க" என்றாள். நான் போய் உட்கார்ந்து தின்றேன். ரசம் நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததுதான் இன்றுவரை எனக்கு ஆத்திரம்.

காலேஜ் முடித்ததும் ஜவுளிக்கடையில் வேலை என்று சொல்லிவிட்டுச் சென்னைக்கு வந்தேன். பொய் இல்லை. கே.கே. நகரில் லேடீஸ் ஹாஸ்டல், தி. நகரில் ஒரு புடவைக் கடையின் வாசலில் மைக். காலையிலிருந்து கடை மூடும்வரை "வாங்க வாங்க, உள்ள வாங்க, ஆடித் தள்ளுபடி" என்று கத்த வேண்டும். நடுநடுவே, நகை பத்திரம், பை பத்திரம், குழந்தையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து ரங்கநாதன் தெருவுக்குள் இறங்குகிற கூட்டத்தில் ஒருவர்கூட யார் கத்துகிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்ததில்லை. சூப்பர்வைசர் மட்டும் பார்ப்பார். "குரல்ல சிரிப்பு இல்லியேம்மா" என்பார். தொண்டையில் சிரிப்பை எங்கே வைப்பது என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். பிற்பாடு மேடையில் அது ரொம்ப உதவியாக இருந்தது.

அங்கிருந்து ஸ்டுடியோக்களுக்கு டிராக் பாடப் போனேன். வெளியாட்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். சினிமாப் பாட்டுக்கு மெட்டு தயாரானதும், பெரிய பாடகி வருவதற்கு முன் யாராவது ஒருத்தி முழுப் பாட்டையும் பாடி வைக்க வேண்டும். பெரியவர் அதைக் கேட்டுக்கொண்டே அதன் மேல் பாடுவார். அவர் பாடி முடித்ததும் முதலில் பாடியவளை அழித்துவிடுவார்கள். அதுதான் டிராக். ஒரு பாட்டில் ஒரு பெரிய பாடகி, நான் திணறி மூச்சு வாங்கிய இடத்தைக்கூட விடாமல் அப்படியே வாங்கியிருந்தார். அந்த மூச்சில் என்ன ஒரு வலி என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். அது ஜலதோஷம்.

அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"உன் பேரு வருமா?"

"வராது."

"கொரலு வருமா?"

"வராது."

"அப்ப உனுக்கு எதுக்குடி தொண்ட? சோறு எறங்கவா?"

போனை வைத்துவிட்டேன். வைக்கும்போது அந்தப் பக்கம் "துன்னியாடி?" என்று கேட்டது.

அப்புறம் மயிலாப்பூருக்கு மாறினேன். குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து, மெட்ரோவுக்குத் தோண்டிய புழுதி ஜன்னல் கம்பியெல்லாம் ஏறியிருக்கும். மாடியில் ஒற்றை அறையும் சமையல் மேடையும் எனக்கு. கீழே வீட்டுக்கார மாமி. அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் சங்கீதம் தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை. நான் முதல் வாரம் சாதகம் செய்தபோது மாமி மாடிப்படியில் பாதி ஏறி நின்று, "ஏண்டிம்மா, நீ பாடிண்டிருக்கியா, யாரோடயாவது சண்டை போட்டுண்டிருக்கியா? எங்காத்துல குழந்தை பரீட்சைக்குப் படிச்சிண்டிருக்கு" என்றாள். குரலில் ஒரு துளி விஷமம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மாமி சொன்னது மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரே சங்கீதம் சண்டைதான் என்றால் அதையே பாடினால் என்ன? அப்போது எழுதியதுதான் பெரண்டைப் பாட்டு. எழுதினேன் என்று சொல்வதுகூட அதிகம், எல்லாம் அம்மாவின் வார்த்தைகள். மூஞ்சி முதல் சரணம், அப்பன் இரண்டாவது, மாமியார் மூன்றாவது. ஒவ்வொன்றும் பெரண்டையில் போய் முடியும். அந்த இடத்தில் கிதாரின் வயிற்றில் ஓர் அறை விடுவேன். "வந்து கொட்டிக்க"வை விட்டுவிட்டேன். பெரண்டையில் சிரிப்பு வருகிறது. சிரிப்பு வந்த இடத்தில் சோற்றைக் கொண்டுவந்து வைத்தால் சிரிப்பு செத்துவிடும். எந்தப் பாட்டுக்காரிக்கும் இது தெரியும்.

கூட வாசித்த நண்பன் ஒருவன். மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன், அவன் அப்பா மார்க்கெட் பக்கம் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தார். பாட்டைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தான். "மச்சி, இன்னா பாட்டு இது! எங்கம்மா இத்த கேட்டா உன்ன தத்து எடுத்துக்கும்" என்றான். அவன் அறையில் ரெக்கார்டு செய்து நெட்டில் ஏற்றினோம். ஊர் உலகமெல்லாம் அதற்கு உதடசைத்து வீடியோ போட்டது. மகள் பாட, பின்னால் அவள் அம்மா கரண்டியோடு ஓடிவருவது மாதிரி. டிராக் பாடிக்கொண்டிருந்தவள் ஒரே பாட்டில் இண்டிபெண்டன்ட் ஆர்ட்டிஸ்ட் ஆகிவிட்டேன். யாரும் கூப்பிடாததால் தனியாக நிற்பவர்களுக்குச் சென்னையில் அதுதான் மரியாதையான பெயர். மாமியும் படியில் பாதி ஏறி, "எங்காத்து மாடியிலதான் இருக்கான்னு எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருக்கேன்" என்றாள். சாதகத்தின்போது ஜன்னலைச் சாத்திக்கொள்ளச் சொன்னது மட்டும் மாறவில்லை.

அடையாறு வீடுகளில் கச்சேரிக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பெரிய ஹாலில் மெத்தை போட்டுச் சம்மணமிட்டு உட்காருவார்கள். நடுவில் சுக்குக் காபி, சிறுதானிய முறுக்கு. ஒரு பெண் என்னிடம் வந்து, பெரண்டை என்றால் இடுப்பு பெல்ட் மாதிரி ஏதாவதா என்று கேட்டாள். அவள் வீட்டு மேஜையிலேயே பாட்டிலில் பிரண்டைத் தொக்கு இருந்தது. எல்லோரும் கோரஸாகப் பாடுவார்கள், அவரவர் வயிற்றில் அறைந்துகொள்வார்கள். திட்டு வாங்கி வளராதவர்களுக்குத் திட்டு எவ்வளவு இனிக்கிறது! நானும் சிரித்தேன். குரலில் சிரிப்பை எங்கே வைப்பது என்று எனக்குத்தான் தெரியுமே. அம்மாவைப் பழிவாங்கிய மாதிரி இருந்தது. நன்றாகவும் இருந்தது, அதை மறைக்கப்போவதில்லை.

அம்மாவுக்குப் பாட்டு பற்றித் தெரியாது. அவளுடைய போன் பேச மட்டும்தான். மெஸ்ஸில் யாராவது போட்டுக் காட்டியிருப்பார்களோ என்று நினைப்பேன். டிரைவர்கள் காட்டவில்லை. அவர்களுக்கு உயிர் மேல் ஆசை இருந்தது.

அப்போது அவள் குரல் கம்ம ஆரம்பித்தது. கத்திக் கத்திக் கட்டிக்கொண்டது என்று நினைத்துச் சித்தரத்தை மென்றாள். மாதக்கணக்கில் சரியாகவில்லை. திண்டிவனத்து டாக்டர் எழுதிக் கொடுத்து அடையாறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். குரல்வளையில் புற்று. கதிர்வீச்சுக்கு அடங்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது, குரல்வளையை எடுத்தால்தான் ஆள் மிஞ்சுவாள் என்றார் டாக்டர், பொறுமையாக, படம் போட்டுக் காட்டி. கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள், அதன் வழியாக மூச்சு விடுவாள், சாப்பிடலாம், பேச முடியாது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சமைக்கலாமா?" என்று கேட்டாள். சமைக்கலாம் என்றார். "அப்ப எடுங்க" என்றாள்.

ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைகளுக்காக வராந்தாவில் காத்திருந்தோம். எதிர் பெஞ்சில் ஒரு பள்ளிக்கூடப் பெண் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து என் குரல் வந்தது. மூஞ்சி, அப்பன், பெரண்டை, அறை. அந்தப் பெண்ணோடு வந்திருந்த அம்மா, தலையில் முடி இல்லாமல் துணி கட்டியிருந்தவள், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். என் அம்மா அசையாமல் கேட்டாள். முடிந்ததும் அந்தப் பெண்ணிடம், "இன்னொரு தபா போடு" என்று கரகரத்த குரலில் கேட்டு, மறுபடியும் கேட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்டோவில் வரும்போதும் ஒரு திட்டுகூட இல்லை.

மறுநாள் என் மாடி அறையில் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "கடசி வார்த்தய எங்கடி வுட்ட?"

எந்த வார்த்தை என்று கேட்கவில்லை. "அது தாளத்துல உக்காரல" என்றேன்.

"துன்றப்ப மட்டும் சப்பணம் போட்டு உக்காந்தியே, அப்ப உக்காந்துச்சா?"

"கஞ்சிய ஊத்தினியே, அதையும் பாட்டுல போடட்டுமா?"

"போடு. நான் ஊத்தல இன்னு சொன்னனா? ஊத்துனேன். ஆனா அன்னிக்கும் சோறு போட்டேன். அத்த சொல்லு. திட்னத மட்டும் ஊருக்குச் சொல்லிட்டு சோத்த முழுங்கிட்டியே. கேக்கறவன் இன்னா நெனப்பான்? இவ பெத்த பொண்ணப் பட்டினி போட்டவன்னு நெனக்கமாட்டான்?"

"யாரும் அப்படி நினைக்கல. சிரிக்கிறாங்க."

"நான் நெனக்கிறேன்."

கத்த முயன்றாள், காற்றுதான் வந்தது. நான் கிதாரை எடுத்துக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போய்விட்டேன். அடுத்த நாட்களிலும் அம்மா விடவில்லை. இருக்கிற குரலில் அந்த ஒரு வார்த்தையை அவளே சொல்லித் தருவாளாம், நான் பாட்டின் முடிவில் அதைச் சேர்க்க வேண்டுமாம். முடியாது என்றேன். ஆனால் ஆஸ்பத்திரியில் சேரும் நாள் நெருங்க நெருங்க எனக்கே ஓர் ஆசை வந்தது. அவள் மேல் இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கரகரப்பு மைக்கில் எப்படி விழும் என்று கேட்க என் காது துடித்தது. நண்பனும், "எடுத்து வெச்சுக்கோ மச்சி, அப்பறம் கெடைக்காது" என்றான்.

மைக்கைக் கொண்டுவந்து சமையல் மேடைக்குப் பக்கத்தில் நட்டான். அம்மா குளித்து, நல்ல புடவை கட்டி, பொட்டு வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். நண்பன் கையைக் காட்டினான். அம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அனைவருக்கும் வணக்கம்" என்றாள்.

எங்கள் ஊரில் யார் கையில் மைக் கொடுத்தாலும் இதுதான் நடக்கும். வாழ்நாளெல்லாம் கெட்ட வார்த்தை பேசுகிறவன்கூட மைக்கைப் பிடித்தால் வானொலி மாதிரி ஆகிவிடுவான். "வணக்கமெல்லாம் வேணாம், அந்த வார்த்தைய மட்டும் சொல்லு" என்றேன். தலையை ஆட்டினாள். "மகளே, உணவருந்த வரவும்" என்றாள். நண்பன் வாயைப் பொத்திக்கொண்டு மூலைக்குப் போனான்.

திரும்பத் திரும்ப எடுத்தோம். "வாம்மா", "வா கண்ணு, சாப்டு", "வாம்மா தாயி, வந்து ஒரு வாய் சாப்டு." என் வாழ்நாளில் அவள் வாயிலிருந்து நான் கேட்டிராத வார்த்தைகள். யாருக்கோ அம்மாவாக நடித்தாள். எனக்குத் தாங்கவில்லை. "இது நீ இல்ல. நீ ஒரு நாளாவது இப்படிக் கூப்பிட்டிருக்கியா? கொட்டிக்கன்னு சொல்லு. அதானே வேணும்னு கேட்ட?" என்றேன்.

"நாலு பேரு கேக்கறப்ப அப்டியா சொல்லுவாங்க?" என்றாள். உண்மையிலேயே அதிர்ந்துபோய்க் கேட்டாள்.

"அப்ப எனக்கு மட்டும் சொல்லுவியா?"

"உனுக்கு சொல்லலாம்."

அவள் வாயைக் கிண்டிவிட்டால் தானாக வரும் என்று நினைத்து நான் திட்டத் தொடங்கினேன். மூஞ்சியைச் சொன்னேன், தொலைந்த புருஷனைச் சொன்னேன், நீ கத்தின கத்தலுக்குத்தான் தொண்டை போச்சு என்று சொன்னேன். மெஸ்ஸில் யாராவது அப்படிப் பேசியிருந்தால் திருப்பியை எடுத்திருப்பாள். அவள் மைக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முந்தானையைச் சரி செய்துகொண்டாள். "வாம்மா, வந்து சாப்டு" என்று இன்னொரு முறை, மிக மரியாதையாக, மைக்கிடம் சொன்னாள்.

"நல்லாயில்ல. வேணாம், கழட்டு" என்றேன். நண்பன் மைக்கைக் கழற்றினான். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அவள் குரல் போயிற்று. ரெக்கார்டு செய்தது அவன் கம்ப்யூட்டரில் எங்கேயோ கிடக்கிறது. நான் அதைப் போட்டுக் கேட்டதில்லை.

அதன் பிறகு அம்மா மெஸ்ஸை விட்டுவிட்டு என்னோடேயே தங்கிவிட்டாள். கழுத்துத் துளையின் மேல் மெல்லிய வெள்ளைத் துணி. கழுத்தில் வைத்தால் பேசும் கருவி ஒன்று கொடுத்தார்கள். ஒரே ஒரு முறை வைத்துப் பார்த்தாள், இயந்திரம் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டாள். எழுதத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவாள். மூக்கு வழியாக மூச்சு போகாததால் வாசனையும் தெரியாது. கடுகு தீய்ந்தால்கூடக் கண்ணால் பார்த்துத்தான் அடுப்பை அணைப்பாள். ஆனாலும் சமைத்தாள். சமைத்து முடித்ததும் கரண்டியை எடுத்து எவர்சில்வர் டம்ளரில் தட்டுவாள். டண், டண், டட்டண். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாலும் கேட்கும். கீழே மாமிக்கும் கேட்கும். முகம் கொடுத்துப் பேசாத நாட்களிலும், நான் கதவை அறைந்து சாத்திய நாட்களிலும், அந்தத் தட்டு மட்டும் நின்றதில்லை. போய்த் தின்பேன்.

அடையாற்றில் ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலைக் கச்சேரி. வீட்டுக்காரம்மாள் பாட்டின் ரசிகை. அம்மா என்னோடு இருக்கிறாள் என்று தெரிந்ததும், "பாட்டோட அம்மாவை நாங்க பாக்கணும், கூட்டிட்டு வாங்க, ப்ளீஸ்" என்று கெஞ்சினாள். அம்மா வரமாட்டாள் என்று நினைத்தேன். மைக் வைத்த அன்று கட்டிய அதே புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். கையில் காபி டம்ளரும் ஸ்பூனும், சர்க்கரை கலக்கிக்கொள்ள. கழுத்துத் துணியை எல்லோரும் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

கடைசிப் பாட்டாகப் பெரண்டைப் பாட்டைப் பாடினேன். அம்மா நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்தது. இன்றைக்காவது நான் அந்த வார்த்தையைச் சொல்வேனா என்று பார்க்க வந்திருக்கிறாள். சரணத்துக்குச் சரணம் அவள் உதடு கூடவே அசைந்தது, ஒரு வார்த்தை பிசகாமல். மூன்றாவது பெரண்டையில் ஹால் முழுக்க வயிற்றில் அறைந்துகொண்டு சிரித்தது. நான் நிறுத்தினேன். வார்த்தை என் வாய் வரைக்கும் வந்தது. சிரிப்பு அவ்வளவு அழகாக எழும்பியிருந்தது. நான் தலை குனிந்து வணக்கம் சொன்னேன்.

டண், டண், டட்டண்.

அம்மா ஸ்பூனால் டம்ளரைத் தட்டினாள். காபி தளும்பிப் புடவையில் சிந்தியது. மறுபடியும் தட்டினாள். நான் விட்ட வரியை அவள் தன்னிடம் மிச்சமிருந்த குரலில், நாலு பேர் கேட்க, முதல் முறையாக அப்படியே உள்ளபடி சொன்னாள். யாருக்குப் புரியும்? தாளம் போடுகிறாள் என்று நினைத்து முதலில் ஒருவர் கை தட்டினார், பிறகு எல்லோரும். டண், டண், டட்டண் என்று ஹாலே தட்டியது. "ஆன்ட்டி செம ரிதம்!" என்று யாரோ கத்தினார்கள். பக்கத்தில் நண்பன் எதுவும் யோசிக்காமல் அந்தத் தாளத்துக்குத் தன் கிதாரில் ஒரு கார்டு பிடித்தான்.

அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். கூட்டம் கையில் இருந்தது. கையில் இருக்கிற கூட்டத்தை எந்தப் பாடகி விடுவாள்? நானும் கிதாரைத் தட்டி, பெரண்டையை அந்தத் தாளத்தில் இன்னொரு முறை எடுத்தேன். அற்புதமாக உட்கார்ந்தது. எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் சிரித்தபடி அம்மாவைப் பார்த்தேன். அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு, ஸ்பூனை டம்ளருக்குள் போட்டு, டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா புடவையை மாற்றிக்கொண்டு உலை வைத்தாள். நான் உள்ளே உட்கார்ந்து வழக்கம்போலக் காத்திருந்தேன். ரசம் கொதிக்கும் சத்தம் கேட்டது, தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது, பிறகு குழாயில் தட்டுக் கழுவும் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தபோது அவள் சாப்பிட்டு முடித்து, பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

கஞ்சி ஊற்றிய நாளில்கூடக் கூப்பிட்டவள்.

அதற்குப் பிறகு இன்றுவரை அவள் தட்டவில்லை. சமைக்கிறாள், மூடி வைக்கிறாள், தான் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறாள். என் பங்கில் ஒரு பருக்கை குறைந்ததில்லை. அந்த டண், டண், டட்டண்ணை இப்போது எல்லா மேடையிலும் பாட்டின் முடிவில் போடுகிறோம், ஜனங்கள் கேட்டு வாங்குகிறார்கள். பாடிவிட்டு வீட்டுக்கு வருகிறேன். பாத்திரத்தைத் திறந்து, நானே போட்டுக்கொண்டு, ஆறிப்போனதைத் தின்கிறேன்.